மூன்று கிலோமீட்டர் செம்பு

ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்தாயிரம் இணைப்புகள் இருந்தால் பத்தாயிரம் பேரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்றுதான் தோன்றும். பேச முடியாது. அப்படிப் பேசுவார்கள் என்று நினைத்து எவரும் எக்ஸ்சேஞ்ச் கட்டுவதில்லை. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் என்ற கணிதர் 1909-லும் 1917-லும் எழுதிய கட்டுரைகளில் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். எத்தனை பேர், எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று தெரிந்தால் எத்தனை பாதைகள் போதும் என்று சொல்லிவிடலாம். ஓர் இணைப்பு ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது ஓர் எர்லாங். வீட்டு டெலிபோனுக்கு, நாளின் மிகப் பரபரப்பான மணி நேரத்தில், 0.1 எர்லாங் என்று வைத்துக்கொள்வார்கள். அதாவது ஆறு நிமிடம். நம்மூர் எக்ஸ்சேஞ்சுகளும் அந்த ஆறு நிமிட நம்பிக்கையில்தான் நின்றன.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. முதலில் இணைப்பு கிடைத்த பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. மோடம் ஒரு நம்பருக்கு டயல் செய்யும், கீச்சிடும், இணையும். இத்தனை பாடுபட்டு உள்ளே போனவர் ஆறு நிமிடத்தில் வெளியே வருவாரா? ஒரு மணி நேரம் இருப்பார், இரண்டு மணி நேரம் இருப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் திரையில் ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது கம்பியில் ஒன்றுமே ஓடாது. ஆனாலும் எக்ஸ்சேஞ்சுக்குள் அந்தப் பாதை அவர் பேரில்தான் பூட்டிக் கிடக்கும். இணையம் பார்க்கிறவர் ஒருவர் பேசுகிறவர்கள் பத்துப் பேரின் இடத்தை அடைத்துக்கொண்டார். எர்லாங்கின் கணக்கு பிசகவில்லை. அதில் போட்ட எண்தான் காலாவதியாகிவிட்டது.

கிண்டியில் இருக்கும் சென்னை ஐஐடியில் இதைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய சகாக்களும் நடத்திய டெநெட் குழு, இந்தியாவுக்குக் கட்டுப்படியாகிற விலையில் தொலைத்தொடர்புக் கருவிகளை இங்கேயே வடிவமைக்க முடியும் என்று நம்பிய குழு. அவர்களுடைய கார்டெக்ட் என்ற கம்பியில்லா டெலிபோனைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் உடன்பிறப்பான டயாஸ் அவ்வளவாகப் பேசப்படவில்லை. குழுவோடு சேர்ந்து பன்யன் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது.

டயாஸின் தந்திரம் எளிமையானது. வீட்டிலிருந்து வரும் அதே பழைய செம்புக் கம்பியில் பேச்சும் தரவும் எண் வடிவில் சேர்ந்தே வரும். எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே ஒரு பெட்டி இரண்டையும் பிரித்துவிடும். பேச்சு, வழக்கம்போல டெலிபோன் சுவிட்சுக்குள் போகும். தரவு அந்தப் பக்கமே போகாமல் நேராக இணையத்துக்குப் போய்விடும். வீட்டுக்கான சாதனம் 128 கேபிபிஎஸ் தரும். ரிசீவரைத் தூக்கினால் பாதி பேச்சுக்குப் போய்விட, மிச்சம் 64 இணையத்துக்கு. அலுவலகங்களுக்கான சாதனம் 2 எம்பிபிஎஸ் வரை போகும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்துப் பெட்டி ஒன்றில் வீட்டு இணைப்பென்றால் 60, அலுவலக இணைப்பென்றால் 15 கோத்துவிடலாம். டயல் செய்யத் தேவையில்லை, இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கும். 56 கேபிபிஎஸ் மோடமே பெருமையாக இருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

டயாஸ் பரவலாக வேரூன்றவில்லை. டெலிபோன் கம்பியில் தரவு அனுப்பும் டிஎஸ்எல் முறைகளில் வேறொன்றின் பக்கம் உலகச் சந்தை சாய்ந்தது. கோடிக்கணக்கில் தயாராகிற சில்லோடு, ஒரு குழு தன் பாட்டில் வடிவமைத்த சாதனம் விலையில் மோத முடியாது. ஆனால் பேச்சையும் தரவையும் எக்ஸ்சேஞ்ச் வாசலில் பிரி என்ற அதன் அடிப்படை யோசனை சரியானது. பின்னால் வந்த எல்லாப் பெட்டிகளும் செய்தது அதைத்தான்.

*

வந்த முறை ஏடிஎஸ்எல். அதைப் புரிந்துகொள்ள முதலில் கம்பியைப் பார்க்க வேண்டும்.

நம் தெருக்களில் புதைந்திருக்கும் கேபிளுக்குள் இருப்பவை முறுக்கப்பட்ட ஜோடிச் செம்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் தடிமனும் 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி. மனிதப் பேச்சுக்கு டெலிபோன் ஒதுக்கியது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் மட்டுமே. அதற்கு மேல் கம்பி அனுமதிக்காது என்று யாரும் சொல்லவில்லை. டெலிபோனுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மேலே பத்து லட்சம் ஹெர்ட்ஸ் வரை காலி மனையாகக் கிடந்தது.

ஆனால் அந்த மனை சமதளம் இல்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் பாட்டுப் போட்டால் நான்கு தெரு தள்ளி இருப்பவருக்கு அடித்தாளம் மட்டும் வந்து சேரும், பாடகரின் உச்சஸ்தாயி வழியிலேயே கரைந்துவிடும். செம்பிலும் அப்படித்தான். 0.4 மில்லிமீட்டர் கம்பியில் மூன்று கிலோமீட்டர் போன பேச்சொலி தன் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கோடு போய்ச் சேரும். அதே தூரத்தை ஒரு மெகாஹெர்ட்ஸ் அலை கடந்தால் மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோமீட்டருக்கு 20 டெசிபல் என்ற அளவில் தேய்கிறது. இரண்டு கிலோமீட்டர் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நான்கு என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு. தூரம் இரண்டு மடங்காகும்போது இழப்பு இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை என்பதை வாசகர் இங்கே நிதானமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தின் எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜோசப் லெக்லைடர் 1980-களின் பிற்பகுதியில் ஒன்றைச் சொன்னார். இரண்டு திசைக்கும் சம வேகம் தர வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சை நெருங்க நெருங்க எல்லா வீட்டுக் கம்பிகளும் ஒரே தடித்த கேபிளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. வீட்டிலிருந்து களைத்து வரும் சிக்னல், அங்கிருந்து புத்தம்புதிதாகக் கிளம்பும் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. ஆகவே வீட்டிலிருந்து போவதைக் குறைவாக்கி, அதிகம் தேயாத கீழ் அதிர்வெண்களில் வை. வீட்டுக்கு வருவதை மேலே, அகலமாக வை. பார்க்கிறவர்கள் அனுப்புவதைவிட வாங்குவதுதானே அதிகம்! அப்போது லெக்லைடர் போன்றவர்கள் மனதில் இருந்தது இணையம் இல்லை, டெலிபோன் கம்பியில் சினிமா. சினிமா அந்த வழியில் வர நெடுங்காலம் ஆனது. இடையில் இணையம் வந்து ஏறிக்கொண்டது.

அடுத்த சிக்கலை அவிழ்த்தவர் ஸ்டான்ஃபோர்டின் ஜான் சியோஃபி. ஒரே கம்பியில் ஓர் அதிர்வெண் நன்றாகப் போகிறது, இன்னொன்று செத்துப்போகிறது என்றால், எல்லாவற்றிலும் ஒரே சுமையை ஏன் ஏற்ற வேண்டும்? அவருடைய முறையில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மனை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 256 துண்டுகளாகப் பிரிகிறது. மோடத்தை ஆன் செய்ததும் முதல் சில நொடிகளில் அதுவும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெட்டியும் ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்க்கின்றன. தெளிவாகக் கேட்கும் துண்டுக்கு ஒரு தடவைக்கு 15 பிட் வரை, மங்கலானதற்கு இரண்டு அல்லது மூன்று, ஒன்றும் கேட்காததற்கு பூஜ்யம். இப்படி நொடிக்கு 4,000 தடவை. வீட்டுக்கு வரும் திசையில் 220 துண்டுகள், சராசரி 10 பிட் என்று வைத்துப் பெருக்கினால் 88 லட்சம் பிட் வருகிறது. ஏடிஎஸ்எல் விளம்பரங்களில் பார்த்த '8 எம்பிபிஎஸ் வரை' என்பதன் ஊற்று இதுதான். 1993-ல் பெல்கோர் நடத்திய போட்டிச் சோதனையில் சியோஃபியின் அமட்டி நிறுவனம் கொண்டுவந்த கருவி மற்றவற்றைத் தெளிவாக முந்தியது. 2003-ல் வந்த ஏடிஎஸ்எல்2+ துண்டுகளை 512 ஆக்கி உச்சத்தை 24 எம்பிபிஎஸ்ஸுக்குக் கொண்டுபோனது.

மோடத்தில் ஏடிஎஸ்எல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து பிறகு நிலைத்து எரியும் அல்லவா, அந்தச் சிமிட்டலின்போது நடந்தது இந்தத் தட்டிப் பார்த்தல்தான். லைன்மேன்கள் 'சின்க் ஆயிடுச்சு' என்பார்கள்.

இந்தத் துண்டுக் கணக்கில் சென்னைக்கே உரிய ஒரு சுவை உண்டு. ஏடிஎஸ்எல் ஓடும் அதிர்வெண்களின் மேல்பகுதி ரேடியோவின் மத்திய அலையும்தான். சென்னை வானொலியின் 'ஏ' அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ். அதை 4.3125-ஆல் வகுத்தால் 167. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குத் தொங்கும் டிராப் ஒயர் நல்ல ஆன்டெனாவும் ஆகிவிடுவதால், 167-ஆவது துண்டில் வானொலி வந்து உட்கார்ந்துவிடும். பழைய முறை மோடம் என்றால் மொத்த இணைப்பும் தடுமாறியிருக்கும். இந்த முறையில் அந்த ஒரு துண்டின் பிட்டுகளை மட்டும் பக்கத்துத் துண்டுகளுக்கு மாற்றிவிட்டுப் பெட்டி தன் வேலையைப் பார்க்கும்.

*

எக்ஸ்சேஞ்சில் வைத்த அந்தப் பெட்டிக்கு டிஎஸ்லாம் என்று பெயர். பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்டைத் தொடங்கியபோது நாடெங்கும் எக்ஸ்சேஞ்ச் அறைகளில் இவை வந்து இறங்கின. பெரிய எக்ஸ்சேஞ்சுக்கு 480 இணைப்புப் பெட்டி. சின்னதற்கு 24 இணைப்பிலிருந்து.

அறைக்குள் நடந்தது இது. தெருவிலிருந்து வரும் கேபிள்கள் எம்.டி.எஃப். எனப்படும் இரும்புச் சட்டத்தில் வந்து விரியும். அங்கிருந்து ஒரு சின்ன ஜம்பர் கம்பி உங்கள் வீட்டு ஜோடியை டெலிபோன் சுவிட்சோடு இணைக்கும். நீங்கள் பிராட்பேண்டுக்கு எழுதிக் கொடுத்ததும் அந்த ஜம்பரை எடுத்துவிட்டு, ஜோடியை டிஎஸ்லாமின் ஸ்ப்ளிட்டருக்குள் விடுவார்கள். பேச்சு அதிலிருந்து வெளியேறி, திரும்ப எம்.டி.எஃப். வந்து, சுவிட்சுக்குப் போகும். மேல் அதிர்வெண்கள் மட்டும் லைன்கார்டுக்குள் நுழையும். பெட்டிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரி வரிசையிலிருந்து, மைனஸ் 48 வோல்ட். ஆகவே ஊரில் கரண்ட் போனாலும் டிஎஸ்லாம் போகாது.

வாங்குகிற நிறுவனம் ஒரு டிஎஸ்லாமில் எதைப் பார்க்கும்? வேகம் என்று விளம்பரம் சொல்லும். வேகத்தைத் தருவது கம்பி. எல்லாப் பெட்டியும் ஒரே தரநிலையைத்தான் பேசுகின்றன. உண்மையான வித்தியாசங்கள் வேறு இடத்தில். முதலாவது, எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகச் சொல்ல முடிகிறதா. இரைச்சலுக்கு மேலே சிக்னல் குறைந்தது 6 டெசிபல் உபரியாக நிற்கட்டும் என்பது பொதுவான அமைப்பு. அடிக்கடி அறுந்துபோகிற லைனுக்கு அதை 9 அல்லது 12 ஆக்கினால் வேகம் குறையும், இணைப்பு நிலைக்கும். நள்ளிரவில் ஆயிரம் வீட்டு லைனுக்கும் இதைத் தானே கணித்துத் திருத்துகிற பெட்டிக்கும், ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிய பெட்டிக்கும் இடையே உள்ள வேற்றுமை, சம்பளப் பட்டியலில் தெரியும்.

இரண்டாவது, பிழை பொறுக்கும் திறன். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் கம்பியில் ஒரு சடசடப்பு வந்து நூற்றுக்கணக்கான பிட்டுகளை அழித்துவிடும். அடுத்தடுத்த பிட்டுகளைக் கலைத்து, இடைவெளி விட்டு அனுப்பினால் அழிவு சிதறிப்போய்த் திருத்தக்கூடியதாகிவிடும். இதற்கு விலை தாமதம். படம் பார்க்கிறவருக்கு அது உறைக்காது, ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிற பையனுக்கு உறைக்கும்.

மூன்றாவதை நான் மிக உயர்வாக மதிப்பேன்: எக்ஸ்சேஞ்ச் அறையிலிருந்தபடியே கம்பியைச் சோதிப்பது. வீட்டில் மோடமே இல்லாவிட்டாலும் பெட்டி ஒரு துடிப்பை அனுப்பும். எதிரொலி திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கம்பி எத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். எந்த ஜாயிண்ட், எந்தத் தெருவோரப் பில்லர் பெட்டி என்று தெரியாமல் ஜிஎஸ்டி சாலையோரம் குழி குழியாகத் தோண்டுவது இதனால் மிச்சம்.

மேலே போகும் பாதையும் முக்கியம்தான். 480 வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிகாபிட் ஈதர்நெட் என்றால், ஒவ்வொருவரும் 2 எம்பிபிஎஸ் கேட்டாலும் 960 தான், தாங்கும். ஆளுக்கு 8 கேட்டால் தாங்காது. எர்லாங் இங்கேயும் வந்துவிடுகிறார்: எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற அதே நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வாடிக்கையாளர்கள் சோதித்த விதம் சுவாரசியமானது. டேட்டாஒன்னின் 500 ரூபாய்த் திட்டத்தில் மாதம் ஒரு ஜிபி. ஆனால் பின்னிரவு இரண்டு மணி முதல் காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடை முடுக்கிவிட்டுத் தூங்கப் போன ஒரு தலைமுறையே இருக்கிறது. அவர்கள் புண்ணியத்தில் டிஎஸ்லாமின் பரபரப்பு நேரம் ஊர் உறங்கும் நேரமாயிற்று.

*

2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. அதற்குச் செம்பு தாராளம். ஐந்து கிலோமீட்டர் தள்ளியும் இழுத்துப் பிடித்துத் தந்துவிடும். 2007 ஜனவரி 1 முதல் பிஎஸ்என்எல் தன் திட்டங்களை 2 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தியது. நல்ல செய்தி. கூடவே கம்பியின் நீளமும் அன்றுதான் அம்பலத்துக்கு வந்தது.

சென்னைப் புறநகரான தாம்பரத்தின் நிலப்படத்தை வைத்துக்கொண்டு யோசித்தால் புரியும். கம்பி காக்கை மாதிரிப் பறக்காது, சாலையோரமாகத்தான் போகும். ஊரை மேற்கென்றும் கிழக்கென்றும் ரயில் பாதை வெட்டுகிறது. கேபிள் அதைக் கடக்கும் இடங்கள் குறைவு. கிழக்கே விமானப்படைத் தளம், கிறிஸ்தவக் கல்லூரியின் காடு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம் என்று போகிற இடமெல்லாம் ஏரி. படத்தில் இரண்டு கிலோமீட்டர் என்று அளந்த வீடு, கேபிளில் மூன்றரை ஆகிவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து பில்லர், பில்லரிலிருந்து வீடுகளுக்குக் கம்பி பிரியும் டி.பி. பெட்டி, அங்கிருந்து டிராப் ஒயர். ஒவ்வொரு திருப்பத்திலும் நூறு, இருநூறு மீட்டர் கூடிக்கொண்டே போகும். 2226 என்றும் 2239 என்றும் தொடங்கும் எண்களை வைத்திருந்த வீடுகளில் ஒரே பணம் கட்டி, ஒரே திட்டத்தில், எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருந்தவருக்கு முழு வேகமும், மாடம்பாக்கம் பக்கம் புதிதாக மனை வாங்கிக் கட்டியவருக்கு அதில் பாதியும் கிடைப்பதற்கு யாருடைய ஓரவஞ்சனையும் காரணம் இல்லை.

புறநகரின் வளர்ச்சி எக்ஸ்சேஞ்சைச் சுற்றி வட்டமாக நடக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. புது வீடுகள், கணினியில் வேலை பார்க்கும் இளம் குடும்பங்கள், அதிக வேகம் கேட்பவர்கள் எல்லாம் விளிம்பில். நடுவில் பழைய வீடுகள், வேகத்துக்கு அவசரமில்லாத ஓய்வூதியக்காரர்கள். செம்பு கொடுத்த வரம் தேவைக்கு நேர் எதிராக விநியோகமாயிற்று.

இதற்கு மேல் மழை. ஜெல்லி நிரப்பிய கேபிள் தண்ணீரைப் பெரும்பாலும் தாங்கும். ஜாயிண்டும் பில்லரும் தாங்காது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த நாட்களில், செல்பேசிக் கோபுரங்கள் பல அணைந்துபோக, சில தெருக்களில் லேண்ட்லைன் மட்டும் பேசியது. போனுக்கு மின்சாரம் அந்தச் செம்பு வழியாகவே வருகிறது. ஆனால் அதே கம்பியில் பிராட்பேண்ட் வராது, ஏனென்றால் மோடத்துக்கு வீட்டில் கரண்ட் வேண்டும். எக்ஸ்சேஞ்சில் டிஎஸ்லாம் விழித்திருந்தும் பயனில்லை.

நேர் எதிரான வேடிக்கையும் உண்டு. 'போன் டெட், ஆனா நெட் வருது' என்று புகார் வரும். கேட்கிறவர் நம்ப மாட்டார். ஜோடியில் ஒரு கம்பி ஜாயிண்டில் பச்சை பூத்து விட்டுப்போயிருக்கும். பேச்சுக்கும் மணியோசைக்கும் வேண்டிய நேர்மின்னோட்டமும் தாழ்ந்த அதிர்வெண்களும் அந்த இடைவெளியைத் தாண்டாது. அறுந்த இரண்டு முனைகளும் நெருக்கமாக இருந்தால், அது ஒரு சிறு மின்தேக்கி. மேல் அதிர்வெண்கள் தாண்டிக் குதித்துவிடும். மெதுவாகத்தான் வரும், ஆனாலும் வரும். அனுபவமுள்ள லைன்மேன் இந்தப் புகாரைக் கேட்டதும் டெலிபோனைப் பார்க்க மாட்டார், நேரே டி.பி. பெட்டிக்குப் போவார்.

*

தூரத்தை வெல்ல இரண்டே வழி. பெட்டியைப் புத்திசாலியாக்கலாம், அல்லது பெட்டியை வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். முதல் வழி ஏடிஎஸ்எல்2+ஓடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மேல்பாதித் துண்டுகள் எப்படியும் காலி. ஆக, இரண்டாவது வழி. எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருமுனை வரை ஃபைபர், அங்கே ஒரு சின்னப் பெட்டி, கடைசிச் சில நூறு மீட்டர் மட்டும் செம்பு. தேய்வதற்குத் தூரம் இல்லாதபோது 17 மெகாஹெர்ட்ஸ் வரை, 4,096 துண்டுகளைப் பயன்படுத்தலாம். இது விடிஎஸ்எல்2, 2006-ன் தரநிலை.

சொல்ல எளிது. தெருமுனைப் பெட்டிக்கு எக்ஸ்சேஞ்சின் குளிர்சாதனம் கிடையாது. மே மாத வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் லைன்கார்டு வேக வேண்டும். பேட்டரி வேண்டும், பூட்டு வேண்டும், தண்ணீர் ஏறாத உயரம் வேண்டும். முடிச்சூரில் அந்த உயரம் எவ்வளவு என்று 2015-க்கு முன் யாருக்காவது தெரிந்திருக்குமா?

தூரம் குறைந்ததும் அதுவரை பின்னால் நின்ற எதிரி முன்னால் வந்தது: பக்கத்துக் கம்பி. ஒரே கேபிளுக்குள் ஓடும் ஜோடிகளில் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கசிகிறது. 17 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கசிவு கடுமை. முதல் வாடிக்கையாளருக்கு 100 எம்பிபிஎஸ் கிடைக்கும் தெருவில் நாற்பதாவது ஆள் சேரும்போது எல்லோருக்கும் சரியும். 2010-ல் இதற்கு வெக்டரிங் என்ற தீர்வு தரநிலையாக வந்தது. எந்தக் கம்பி எதில் எவ்வளவு கசிகிறது என்பதைப் பெட்டி அளந்து வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போதே அந்தக் கசிவுக்கு எதிரான சிக்னலையும் கலந்து அனுப்புகிறது. வழியில் கசிவும் எதிர்க்கசிவும் ஒன்றையொன்று அழிக்க, வீட்டுக்கு வருவது தெளிவாக இருக்கும். நூறு லைன் என்றால் பத்தாயிரம் கசிவுகள், அவை 4,096 துண்டுகளிலும், நொடிக்கு 4,000 தடவை. பெருக்கினால் நொடிக்குப் பதினாறாயிரம் கோடிப் பெருக்கல்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரிடம் கேட்டிருக்க வேண்டிய வேலை.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கேபிளின் எல்லா ஜோடிகளும் ஒரே பெட்டியின் கையில் இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் ஒரே கேபிளில் பங்கு போட்டால், மற்றவருடைய சிக்னல் என்னவென்று தெரியாமல் எதை வைத்து அழிப்பது? ஐரோப்பாவில் இது பெரிய ஒழுங்குமுறைச் சண்டையானது. இங்கே தனியார் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனியாகச் செம்பு புதைத்திருந்ததால் அந்தச் சண்டை எழவில்லை. 2016 அக்டோபரில் ஏர்டெல் வி-ஃபைபர் என்ற பெயரில், 100 எம்பிபிஎஸ் வரை என்று சொல்லி, வெக்டரிங் முறையை முதலில் கொண்டுவந்த நகரம் சென்னை. வீட்டில் புதிதாகத் துளை போட வேண்டாம், மோடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவர்கள் சொன்ன வசதி. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். செம்பின் கடைசிச் சாதனை இது என்பேன். அதற்கு மேல் அதனிடம் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மறுபக்கம் ஃபைபர் விலை இறங்கிக்கொண்டே வந்தது. கேபிள் டிவிக்காரர்களே கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டு போனார்கள். 2019-ல் பிஎஸ்என்எல் பாரத் ஃபைபர் என்று பெயர் சூட்டி வீடுவரை கண்ணாடி இழையைக் கொண்டுபோனது. பிராட்பேண்டின் அதிகாரபூர்வ வரையறை 2013-ல் 512 கேபிபிஎஸ்ஸாகவும், 2023-ல் 2 எம்பிபிஎஸ்ஸாகவும் உயர்ந்தது. தாம்பரத்தின் செம்பு 2007-லேயே எட்டிப் பிடித்த எண் அது.

இப்போது எக்ஸ்சேஞ்ச் அறையில் டிஎஸ்லாம் இருந்த இடத்தில் ஓஎல்டி என்ற பெட்டி நிற்கிறது. ஒரே இழையிலிருந்து 64 வீடு வரை ஒளியைப் பகிர்ந்து கொடுக்கிறது, வீட்டுத் திசையில் மொத்தம் 2.488 கிகாபிட். கண்ணாடியில் ஒளி கிலோமீட்டருக்கு இழப்பது அரை டெசிபலுக்கும் குறைவு. செம்பு ஒரு கிலோமீட்டரில் இழந்ததைக் கண்ணாடி இழக்க நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகும். தரநிலை 20 கிலோமீட்டருக்கு உத்தரவாதம் தருகிறது. தாம்பரத்தில் வைத்த பெட்டி, வடக்கே கிண்டியையும் தெற்கே கூடுவாஞ்சேரியையும் தொட்டுவிடும். மாடம்பாக்கத்துப் புது வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு எதிர்வீட்டுக்கும் ஒரே வேகம்.

ஆனாலும் இந்தப் பெட்டியும் கிளம்பியவுடன் முதலில் செய்வது தூரம் அளப்பதுதான். 64 வீடுகளும் ஒரே இழையில் திருப்பி அனுப்ப வேண்டியிருப்பதால், இருவருடைய ஒளி ஒரே கணத்தில் வந்து மோதக் கூடாது. இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஐந்து மைக்ரோ நொடி ஆகிறது. போய் வர எவ்வளவு ஆகிறது என்று ஒவ்வொரு வீட்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் ஓஎல்டி, எதிர்வீட்டுக்காரருக்கு ஓர் உத்தரவு போடுகிறது: இத்தனை மைக்ரோ நொடி பொறுத்திருந்து அனுப்பு. கணக்குப்படி, இழையின் கடைசி முனை வரை எல்லா வீடும் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே தூரம்.